பொழுது போகுமுன்

வேதாகமத்தில் மல்கியா தீர்க்கதரிசியின் மூன்றாம் அதிகாரம் பத்தாம் வசனம் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளில் எல்லோருக்கும் தலைகீழ்ப் பாடம். பத்தில் ஒரு பங்கை, அதாவது தசமபாகத்தை, கர்த்தருக்குக் கொண்டுவரச் சொல்கிற வசனம். "தசமபாகங்களையெல்லாம்" என்று போதகர் தொடங்கினால் போதும், வானத்தின் பலகணிகள் திறக்கும் இடம் வரை சபையே சேர்ந்து சொல்லி முடித்துவிடும். அதற்கு ஐந்து வசனம் மேலே போய்ப் பாருங்கள். அதே தீர்க்கதரிசியின் வாயால் அதே கர்த்தர், தாம் நியாயந்தீர்க்க வரும்போது யார் யாருக்கு விரோதமாகச் சாட்சியாக நிற்பார் என்று பட்டியல் சொல்கிறார். சூனியக்காரர், விபசாரர், பொய்யாணை இடுகிறவர்கள். அவர்களோடு அதே மூச்சில், கூலிக்காரருடைய கூலியை அபகரிக்கிறவர்கள்.

சூனியத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். விபசாரத்தைப் பற்றி, பெண்பிள்ளைகளின் உடுப்பைப் பற்றி, கோயில் திருவிழாவுக்குப் போய் நிற்பதைப் பற்றி, பிரசாதம் வாங்கித் தின்பதைப் பற்றி எல்லாம் கேட்டாகிவிட்டது. கூலியைப் பற்றி மட்டும் கேட்டதில்லை. மட்டக்களப்பில், நெல்லும் கூலியும்தான் வாழ்க்கை என்றிருக்கிற ஒரு மண்ணில் இந்த மௌனம் எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை. இதைத்தான் எழுத வந்தேன்.

வெளியூர் வாசகர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலோரமாக இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் காடுமாகக் கிடப்பது படுவான்கரை. காணிக்காரர் பலர் எழுவான்கரையிலும் நகரத்திலும் இருக்கிறார்கள். வயலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்த இடத்தில் வாவியைப் பாதையில்தான் (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றும் மிதவைப் படகு) கடக்க வேண்டும். இப்போது மோட்டார் சைக்கிளில் ஐந்து நிமிடம். ஆனாலும் கூலி கேட்டு இந்தப் பக்கம் வருகிற ஒருவருக்கு அந்தத் தூரம் இன்னும் குறையவில்லை.

2021இல் இரசாயன உரத்தையும் விவசாய மருந்துகளையும் அரசு ஒரே அடியாகத் தடை செய்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வருடம் பெரும்போகத்தில் புல்லுக்கு அடிக்க மருந்து கிடையாது. கிடைத்தாலும் கள்ளவிலை. அதனால் பெண்களைக் கூப்பிட்டுக் கையால் புல்லுப் பிடுங்கினார்கள். குனிந்த முதுகு நிமிராமல், சேற்றில் கால் ஊறி, காலையில் இருந்து பொழுது சாயும் வரை. உழவு மெசின் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குவார்கள், பின்னேரம் திரும்ப ஏற்றுவார்கள். கூலி உடனே இல்லை, "வேளாண்மை வெட்டினதும் தாறன்", அதாவது நெல் அறுத்ததும் தருகிறேன் என்பது பேச்சு. சரி என்று போனவர்களில் எங்களுக்குத் தெரிந்த ஒரு பெரியம்மாவும் இருந்தார். கொக்கட்டிச்சோலைப் பக்கம். கிறிஸ்தவர் இல்லை, தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்கு வருடம் தவறாமல் போகிறவர்.

வேளாண்மை வெட்டினார்கள். விளைச்சல் குறைவு, அது உண்மை. காணிக்காரருக்கும் அந்த வருடம் அடிதான். அவர் எங்கள் சபைகளில் ஒன்றில் பெரிய ஆள், நிர்வாகசபையில் இருக்கிறவர். கூலி "அடுத்த கிழமை" ஆனது, பிறகு "நெல்லு வித்ததும்" ஆனது.

அந்த மாதத்தில்தான் அறுப்பின் பண்டிகை வந்தது. எங்கள் சபைகளை அறியாதவர்களுக்கு: பெரும்போக அறுவடை முடிந்ததும் விசுவாசிகள் தங்கள் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்பார்கள். புதுநெல் மூடை, வாழைக்குலை, பூசணிக்காய், எருமைத் தயிர்ச்சட்டி, கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். ஏலக் காசு சபைக்கு. நல்ல வழக்கம். சின்ன வயதில் இருந்து எனக்கு மிகவும் பிடித்த நாள் அதுதான். ஒரு தேங்காயை ஐந்து பேர் மாறி மாறி ஏலத்தில் எடுத்துத் திரும்பக் காணிக்கையாக வைப்பார்கள். பிள்ளைகள் கத்துவார்கள். போதகரும் சேர்ந்து விலை கூட்டுவார்.

பெரியம்மா அன்றைக்கு வாசலில் நின்றார். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்த மனுசனைத் தவறாமல் பிடிக்கலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே வரவில்லை. மதிலுக்கு வெளியே, வேப்பமர நிழலில், கையில் ஒரு சீலைப்பையோடு. ஒலிபெருக்கி வீதி வரை கேட்டது. பூசணிக்காய் ஒன்று ஏலத்துக்கு வந்தது. ஆயிரத்தில் தொடங்கி ஏறிக்கொண்டே போனது. பத்தாயிரத்தைத் தாண்டிய இடத்தில் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். எடுத்தவர் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லி, கைதட்டச் சொன்னார்கள். பெரியம்மா காத்துக்கொண்டிருந்தது அதே பெயருக்காக.

நான் வெளியே வந்தபோது என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "இவ்வளவு காசு கையில கிடக்குதான மனே. எண்ட கூலிக்கு மட்டும் எப்பிடி இல்லாமப் போச்சு?"

கோபத்தில் கேட்டதாகத் தெரியவில்லை. கணக்குப் புரியாமல் கேட்டது போல்தான் இருந்தது. "உள்ளுக்கு வாங்க பெரியம்மா, நான் கதைக்கிறன்" என்றேன். "வேணா மனே, அவங்கட கோயில்ல வெச்சு ஆளச் சங்கடப்படுத்தப்படா" என்றார். அவருடைய மரியாதையையும் மதிலுக்கு உள்ளே நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கூலி பிறகு கொடுபட்டது, இல்லை என்று சொல்ல முடியாது. பல மாதம் கழித்து, பேசின தொகை அப்படியே. ஆனால் அது 2022. மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலர் இருநூறு ரூபாயில் இருந்து முந்நூற்று அறுபதுக்குப் போன வருடம். செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை ஒரு வருடத்துக்குள் 94.9 சதவீதம் ஏறியிருந்தது. புல்லுப் பிடுங்கிய நாளில் வாங்கியிருந்தால் அந்தக் காசுக்கு வந்திருக்கும் அரிசியில் கிட்டத்தட்டப் பாதிதான் கடைசியில் வந்தது. மிச்சப் பாதி எங்கே போனது? யாரும் கையால் எடுக்கவில்லை. தாமதம் எடுத்தது.

இப்போது பழைய ஏற்பாட்டில் உபாகமம் 24ஐ வாசிக்கிறேன். "அவன் வேலைசெய்த நாளில்தானே, பொழுதுபோகுமுன்னே, அவன் கூலியை அவனுக்குக் கொடுத்துவிடவேண்டும்; அவன் ஏழையும் அதின்மேல் ஆவலுமாயிருக்கிறான்." கொடாவிட்டால் அவன் உன்னைக் குறித்துக் கர்த்தரிடம் முறையிடுவான், அது உனக்குப் பாவமாயிருக்கும் என்று வசனம் தொடர்கிறது. லேவியராகமம் 19இலும் இதே சட்டம், கூலி விடியும் வரை உன்னிடம் தங்கக் கூடாது என்று. கொடு என்று சொல்வதோடு கட்டளை நிற்கவில்லை, நேரமும் குறித்திருக்கிறது. பணவீக்கம் என்ற பேச்சே இல்லாத காலத்தில், தாமதமும் ஒரு களவுதான் என்று தெரிந்த ஒருவர் கொடுத்த சட்டம் இது. அந்த ஏழை உன் சகோதரனாக இருக்க வேண்டும் என்றும் இல்லை, உன் ஊர் வாசலுக்குள் இருக்கிற அந்நியனும் சேர்த்தி என்று அதற்கு முந்திய வசனம் சொல்கிறது. மதிலுக்கு வெளியே நின்ற பெரியம்மாவுக்கு அதில் இடம் இருக்கிறது.

இயேசுவின் காலத்து யூத மதப் பிரிவினரான பரிசேயரைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாயக்காரர் என்றால் எங்கள் பிரசங்கிகளுக்கு உடனே பரிசேயர்தான். மத்தேயு 23ஐ எடுத்துவைத்து அவர்களைக் கிழிப்பார்கள். ஆனால் அந்தப் பரிசேயரின் வழிவந்த ரபிமார், யூத மத ஆசிரியர்கள், கி.பி. 200 அளவில் தொகுத்த மிஷ்னா என்ற சட்டத் தொகுப்பில் கூலிச் சட்டம் எப்படி இருக்கிறது தெரியுமா? பகல் வேலை செய்தவன் அந்த இரவு முழுக்கத் தன் கூலியை வாங்கலாம், இரவு வேலை செய்தவன் அடுத்த பகல் முழுக்க வாங்கலாம், வாரக் கூலிக்கும் மாதக் கூலிக்கும் இன்ன இன்ன நேரம் என்று மணிக்கணக்காக வகுத்து வைத்திருக்கிறார்கள். நாங்கள் மாயக்காரர் என்று ஏசுகிற ஆட்களின் பிள்ளைகள் இந்தக் கட்டளையைப் பொழுது பார்த்துக் கைக்கொண்டார்கள். எங்களுக்கு அப்படி ஒரு கட்டளை இருப்பதே தெரியாது. இயேசு அவர்களைக் கடிந்துகொண்டதும் சட்டத்தைக் கைக்கொண்டதற்காக அல்லவே. ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டீர்களே என்றுதான் கேட்டார். அந்த வாசகத்தில் சீரகத்தை எடுத்துவிட்டுப் பூசணிக்காயை வைத்தால் அது எங்கள் முற்றம்.

இதைச் சபை ஆட்களிடம் பேசினால் வருகிற பதில் எனக்கு மனப்பாடம். "தம்பி, அது பழைய ஏற்பாடு. நாங்க நியாயப்பிரமாணத்துக்குக் கீழ்ப்பட்டவங்க இல்ல, கிருபைக்குக் கீழ்ப்பட்டவங்க." ரோமர் 6:14. சரி, அப்படியானால் மல்கியாவும் பழைய ஏற்பாடுதானே, தசமபாகம் மட்டும் எப்படி இந்தப் பக்கம் வந்தது? இதற்குப் பதில் வராது. இன்னும் ஒன்று. ரோமர் 6இல் அந்த 14ஆம் வசனத்துக்கு அடுத்த வசனத்தைப் பவுல் சும்மா எழுதவில்லை. கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால் பாவஞ்செய்யலாமா என்று தானே கேட்டு, "கூடாதே" என்று தானே பதிலும் சொல்கிறார். பழைய ஏற்பாடே வேண்டாம் என்றால் புதிய ஏற்பாட்டில் யாக்கோபு இருக்கிறார், ஐந்தாம் அதிகாரம் நாலாம் வசனம்: "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது." ஆள் வாய் திறக்காவிட்டாலும் பிடித்துவைத்த கூலியே சத்தம் போடுகிறதாம். மட்டக்களப்பில் எழுதினது போல இருக்கிறது.

கத்தோலிக்கச் சகோதரர்கள் இதில் எங்களைவிடத் தெளிவாக இருக்கிறார்கள், எழுத்தளவிலாவது. அவர்களுடைய மறைக்கல்வி நூலில் 1867ஆம் பந்தி, வானத்தை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று ஒரு வரிசை சொல்கிறது. ஆபேலின் இரத்தத்தோடு அதே வரிசையில் கூலிக்காரனுக்குச் செய்யும் அநியாயம் வருகிறது. கொலையும் கூலிப் பிடிப்பும் ஒரே பந்தியில். 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தொழிலாளர் பற்றி எழுதிய சுற்றுமடலிலும் யாக்கோபின் இதே வசனம்தான் ஆதாரம்.

எங்கள் மெதடிஸ்த சபையாருக்கும் சாக்குச் சொல்ல இடமில்லை. 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்து இறங்கினார். ஒரு வருடம்கூட முடியுமுன், 1815இல், நோயில் விழுந்து இங்கேயே மண்ணானார். அவரை அனுப்பிய இயக்கத்தின் தகப்பன் ஜோன் வெஸ்லி. அவர் 1743இல் தன் சங்கங்களுக்கு எழுதிய பொது விதிகளைத் தேடி வாசியுங்கள். இரட்சிக்கப்பட விரும்புகிறவன் முதலில் தீமை செய்யாதிருக்கட்டும் என்று தொடங்கி, தீமை எது எது என்று வரிசையாகச் சொல்கிறார். அநியாய வட்டிக்குக் கொடுப்பது, வாங்குவது, திருப்பிக் கொடுக்க வழி தெரியாமல் கடன் வாங்குவது, தீர்வை கட்டாத சாமானை வாங்குவது, விற்பது எல்லாம் அதில் இருக்கின்றன. சந்தையிலும் கடையிலும் கணக்குப் புத்தகத்திலும் ஒருவனுடைய பக்தியைத் தேடியவர் அவர். விதிக்கு அடங்காதவனைக் கண்டித்து, கொஞ்சக் காலம் பொறுத்து, திருந்தாவிட்டால் சங்கத்தில் வைத்திருக்க வேண்டாம் என்றும் எழுதினார். இன்றைக்கு ஒரு பிள்ளை சைவப் பையனைக் கலியாணம் முடித்தால் நிர்வாகசபை கூடுகிறது. கூலி பிடித்தவருக்காக ஒரு தரமாவது கூடியதா?

வயலோடு மட்டும் இதை நிறுத்த முடியாது. நகரத்தில் கடை வைத்திருக்கும் விசுவாசிகள் எத்தனையோ பேர். இலங்கைச் சட்டம் 1958இல் இருந்து ஊழியர் சேமலாப நிதி கேட்கிறது. இன்றைய கணக்கில் தொழிலாளியின் சம்பளத்தில் இருந்து 8 சதவீதம், முதலாளி தன் கையில் இருந்து 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3 சதவீதம். கடையில் பத்து வருடம் நின்ற பொடியனுக்கு அந்த 12 ஒரு நாளும் கட்டுப்படவில்லை என்றால், அவன் ஓய்வுகாலத்துக் காசு முதலாளியின் மேல்மாடியாக நிற்கிறது என்று அர்த்தம். எரேமியா 22இல் யோயாக்கீம் ராஜாவுக்குச் சொன்னது இதுதான்: அயலானைச் சும்மா வேலைகொண்டு, கூலி கொடாமல், அநியாயத்தினால் மேலறைகளைக் கட்டுகிறவனுக்கு ஐயோ. அந்த ராஜாவின் தகப்பன் யோசியா ஏழையின் நியாயத்தை விசாரித்தான் என்று சொல்லிவிட்டு, "அப்படிச் செய்வது அல்லவோ என்னை அறிகிற அறிவு" என்று கர்த்தர் கேட்கிறார். வேதாகமம் முழுக்க எனக்கு இதைவிடப் பயம் தருகிற கேள்வி இல்லை. நான் கர்த்தரை அறிவேன் என்று சாட்சி சொல்ல எழும்பி நிற்கிற எவரும் முதலில் இந்த வசனத்தைத் தாண்ட வேண்டும்.

ஓய்வுநாள் கட்டளையும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கடை திறக்கக் கூடாது, பரீட்சைக்குப் படிக்கக் கூடாது, விளையாடப் போகக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் கட்டளையின் உபாகமப் பதிப்பை (5:14) முழுசாகச் சொல்லித் தந்தவர்கள் குறைவு. நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் உன் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும் என்று அது முடிகிறது. குடும்பமே வெள்ளை உடுத்து ஆராதனைக்குப் போகிறது. வீட்டில் நிற்கிற வேலைக்காரப் பிள்ளை ஒன்பது மணிக்கு இறைச்சி கழுவுகிறது, பத்து மணிக்குச் சம்பல் அரைக்கிறது, பன்னிரண்டு மணிக்கு வருகிற ஆட்களுக்கு இலை போடுகிறது. அந்த வீட்டில் ஓய்வுநாளை உடைத்தது யார்?

பொய்ச்சாட்சி சொல்லாதே என்கிற ஒன்பதாம் கட்டளையும் எங்கள் பக்கத்தில் அடி வாங்கிய கட்டளைதான். (கத்தோலிக்கருக்கு அது எட்டாவது. எண்ணில்தான் வித்தியாசம்.) 2018 பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறை நகரத்தில் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையொன்றில் மலட்டு மாத்திரை கலந்தார்கள் என்று கதை கட்டி, கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வு திணைக்களம் பரிசோதித்துப் பார்த்தால் அது மாவுக் கட்டி. தாக்கினது யாரோ, சரி. ஆனால் அந்தக் கதை கைத்தொலைபேசியில் எங்கள் பக்கமும் வந்தது. வேத வசனத்தோடு காலை வணக்கம் அனுப்புகிற அதே கைகள் அதையும் அனுப்பின. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துப் பிள்ளைகள் போனபிறகு இப்படியான கதைகள் இன்னும் கூடின. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் தகப்பனைப் பார்த்து "மன்னியுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது அவர்களுக்கும் கர்த்தருக்கும் இடையில் உள்ளது. ஒன்றையும் இழக்காமல் இருந்துகொண்டு, காத்தான்குடி முஸ்லிம் கடைக்காரனைப் பற்றிக் காதால் கேட்டதைச் சாட்சி போலப் பரப்பினவர்களைத்தான் சொல்கிறேன். பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது பிடிக்காத அயலானுக்கும் சேர்த்துத்தான்.

அங்கிலிக்கன் சபையின் 1662ஆம் ஆண்டுப் பழைய திருவிருந்து முறைமையில் ஒரு பழக்கம் இருந்தது. அப்பமும் திராட்சரசமும் எடுக்க முதல் பத்துக் கட்டளைகளையும் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் சபை முழங்காலில் நின்று, எங்களுக்கு இரங்கும், இந்தப் பிரமாணத்தைக் கைக்கொள்ள எங்கள் இருதயத்தை ஏவும் என்று பதில் சொல்லும். ஒன்பது தரம் இப்படி, பத்தாவதுக்கு மட்டும் எங்களுக்கு இரங்கும், இந்தப் பிரமாணங்களையெல்லாம் எங்கள் இருதயத்தில் எழுதும் என்று. இப்போது பல இடங்களில் நேரம் காணாது என்று விட்டுவிட்டார்கள். பாட்டுக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது. எனக்கு அது திரும்ப வேண்டும்.

கிறிஸ்தவர்கள் இந்த மாவட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. எங்களைச் சுற்றி இருப்பவர்கள் எங்கள் வேதத்தை வாசிப்பதில்லை, எங்களை வாசிக்கிறார்கள். உங்களாலே தேவனுடைய நாமம் புறஜாதிகளுக்குள்ளே தூஷிக்கப்படுகிறதே என்று பவுல் ரோமர் இரண்டாம் அதிகாரத்தில் எழுதியது இப்படியான இடத்துக்குத்தான். பெரியம்மா தூஷிக்கக்கூட இல்லை, அவருக்கு அந்த மனசு இல்லை. ஆனால் வருடா வருடம் அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் அச்சடித்துக் கொடுக்கிற சுவிசேஷக் கைப்பிரதியை அவர் எந்தக் கண்ணால் பார்ப்பார்?

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் இல்லை. மத்தேயு 5:23, 24இல் இருக்கிறதைத்தான் கேட்கிறேன். உன் பேரில் குறை உண்டென்று பலிபீடத்தண்டையில் நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போ. அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு ஞாயிறு முன்பே பீடத்தில் இருந்து அறிவிக்கட்டும்: வயலிலோ வீட்டிலோ கடையிலோ யாருக்காவது கூலி நிலுவை இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள், கொடுக்கும் வரை ஏலத்தில் கை தூக்க வேண்டாம். போதகர் யாரையும் பெயர் சொல்லத் தேவையில்லை. ஊருக்குள் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும்.

போன முறை இதைச் சொன்னபோது ஒரு மூப்பர், நல்ல மனுசன், உண்மையான கவலையோடு சொன்னார்: "அப்பிடிச் சொன்னா ஏலக்காசு பாதியா விழுந்திடும் தம்பி. கூரைத் திருத்தத்துக்கு எங்க போறது?" கூரை ஒழுகுவது உண்மைதான், மழைக்கு ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளை நடுவில் ஒதுக்கி இருத்துகிறோம். ஆனாலும் பாதி விழட்டும் என்றேன். அந்தப் பாதி எங்களுடைய காசு இல்லை. வருகிற தை மாத நிர்வாகசபைக் கூட்டத்துக்கு இதை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். உங்கள் சபையிலும் யாராவது கொடுங்கள்.